காந்த பிளக்கில் மூன்று மயிரிழைகள்: ஒரு 912 கியர்பாக்ஸ் பராமரிப்புப் பதிவு

நேற்று என் விமான எஞ்சினின் மணி நேர மீட்டர் 903-ஐத் தொட்டிருந்தபோது ஆயில் மாற்றினேன். ஆயிலில் வரும் எஃகுத் துகள்களைப் பிடித்துவைக்கும் காந்த பிளக்கைத் திருகி எடுத்து, முனையை வெள்ளைத் துணியில் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்மை தீட்டியதுபோல மெல்லிய சாம்பல் பசை, அவ்வளவுதான். 50 மணி நேரத்துக்கு முன்பு இதே முனையில் பளபளப்பான எஃகு இழைகள் மூன்று ஒட்டியிருந்தன. அன்று கழற்றிய கியர்பாக்ஸ் திரும்பி வந்து ஒழுங்காக ஓடுகிறது என்று இப்போது நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன், நான் தப்பாகப் போன இடங்களையும் சேர்த்து.

என்னுடையது இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம். எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 100 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை போகும். ஆனால் அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தொடர்ந்து ஓட்டுவதற்கு எல்லை 5,500. புரொப்பல்லரை அந்த வேகத்தில் சுற்றவிட முடியாது என்பதால் இடையில் 2.43-க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு கியர்பாக்ஸ். எஞ்சின் 5,500-இல் ஓடும்போது புரொப்பல்லர் 2,263 சுற்றுதான் சுற்றும். என் கியர்பாக்ஸில் ஓவர்லோடு கிளட்ச்சும் உண்டு; புரொப்பல்லரில் அளவுக்கு மீறிய விசை வந்தால் வழுக்கிக்கொடுத்து எஞ்சினைக் காப்பது அது. கியர்பாக்ஸுக்கென்று தனி ஆயில் கிடையாது. எஞ்சினில் ஓடும் அதே மூன்று லிட்டர்தான் பற்களையும் கிளட்ச்சையும் நனைக்கிறது. கியருக்கான சேர்மானங்கள் உள்ள மோட்டார் சைக்கிள் வகை ஆயிலை இதற்கு வற்புறுத்துவதும், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை வேண்டாம் என்பதும் இதனால்தான். வழுக்கும் ஆயில் ஊற்றினால் கிளட்ச்சும் வழுக்கும்.

கியர்பாக்ஸைத் திறக்காமலே அதன் உடல்நிலையை அறிய எனக்கு இருந்த வழிகள் மூன்று: காந்த பிளக், வெட்டித் திறந்த ஆயில் ஃபில்டர், உராய்வு முறுக்குவிசை. மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தடுமாறியது அதில்தான்.

ஓவர்லோடு கிளட்ச் உள்ள கியர்பாக்ஸில், கிராங்க் ஷாஃப்ட்டை அசையாமல் பூட்டிவிட்டால்கூட புரொப்பல்லரைக் கையால் 30 டிகிரி அளவுக்கு முன்னும் பின்னும் திருப்பலாம். உள்ளே டாக் கியரின் (மேடுகளால் கோத்துக்கொள்ளும் கியர்) மேடுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி அது. அந்த இடைவெளிக்குள் திருப்பும்போது கைக்கு ஒரு சீரான கனம் தெரியும். உள்ளே அடுக்கியிருக்கும் தட்டு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் வரும் உராய்வு அது. 25 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமலும் 60-க்கு மேல் போகாமலும் அது இருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ உரசும் பரப்புகள் தேய்ந்தாலோ எண் இறங்கும்.

அளக்கும் விதம் எளிதுதான். இக்னிஷன் சுவிட்சுகள் இரண்டும் அணைந்திருக்க வேண்டும், சாவி என் சட்டைப்பையில் இருக்க வேண்டும், பேட்டரியின் இணைப்பு கழன்றிருக்க வேண்டும். இந்த எஞ்சினில் இக்னிஷனை அணைப்பது என்றால் ஒரு கம்பியைத் தரையோடு இணைப்பது. அந்தக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் தீப்பொறி உயிரோடு இருக்கும். அதனால் புரொப்பல்லரைத் தொடும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் பற்றிக்கொள்ளலாம் என்றே எண்ணிக்கொண்டு தொடுகிறேன். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எஞ்சின் லேசாகச் சுற்றும். கிராங்க் கேஸின் பக்கத்தில் உள்ள சிறிய மூடித் திருகை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே புரொப்பல்லரை மெல்லத் திருப்பினால் கிராங்க் ஷாஃப்ட்டின் பள்ளம் துளைக்கு நேரே வந்து நிற்கும். அங்கே பூட்டுத் திருகை ஏற்ற வேண்டும். இனி புரொப்பல்லர் இறக்கையில் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி, இறக்கைக்குச் செங்குத்தாக இழுத்து, அது நகரத் தொடங்கும் நொடியில் தராசு காட்டும் எடையைக் குறிக்க வேண்டும். கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன். அதை மீட்டர் கணக்கில் தூரத்தால் பெருக்கினால் முறுக்குவிசை.

என் நோட்டில் இருந்த வரிசை இது. 310 மணி நேரத்தில் 47. 412-இல் 45. 508-இல் 41. 610-இல் 38. 705-இல் 34. மெல்ல மெல்ல இறங்குகிறது, ஆனாலும் எல்லைக்கு உள்ளேதான். இப்படியே போனால் 25-ஐத் தொட 950 அல்லது 1,000 மணி நேரம் ஆகும் என்று ஒரு கோடு வரைந்து பார்த்தேன். அந்த ஓட்டத்தில் பறக்கும் பருவம் முடிந்ததும் கழற்றி, பயிற்சி பெற்ற பட்டறைக்கு அனுப்புவது என்று திட்டம் போட்டேன்.

802-இல் அளந்தபோது 24-கூட வரவில்லை.

தராசில் 4.05 கிலோ, தூரம் 60 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 23.8. மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், மூன்று முறையும் அதே எண். 97 மணி நேரத்தில் பத்து நியூட்டன் மீட்டர் சரிந்திருக்கிறது. அன்றிரவே பட்டறைக்குக் கடிதம் எழுதி, உதிரிப் பாகங்களுக்கு முன்பதிவு கேட்டேன். இருந்த பறப்புத் திட்டங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்தேன். பறக்காமல் நிறுத்தியது சரி. ஆனால் அளவைச் சரிபார்க்காமல் பாகங்கள் கேட்டது அவசரம்.

என் விமானத்தின் வேலைகளைப் பார்த்துக் கையெழுத்திடும் மூத்த பொறியாளர் மறுநாள் வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். முதலில் கேட்ட கேள்வியே ஒன்றுதான்.

"அறுபது சென்டிமீட்டர் என்றால் எங்கிருந்து அறுபது, தம்பி?"

"இங்கிருந்து சார்" என்று காட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் விரல் ஸ்பின்னரின், அதாவது புரொப்பல்லரின் நடுவை மூடும் கூம்பின், விளிம்பில் இருந்தது.

760 மணி நேரத்தில் புரொப்பல்லரை மாற்றியிருந்தேன். புதியதை வாங்கும் முன் அதன் சுழல் நிலைமம் 6,000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர் என்ற எல்லைக்குள் இருக்கிறதா என்றெல்லாம் கவனமாகப் பார்த்தேன். ஆனால் பழைய இறக்கையில் மையத்திலிருந்து அளந்து ஒட்டியிருந்த சிவப்பு நாடா பழைய இறக்கையோடு போய்விட்டது. புதியதில் நானாக ஓர் அளவு நாடாவைப் பிடித்து, கைக்கு வசதியான ஸ்பின்னர் விளிம்பிலிருந்து 60 அளந்து குறித்திருக்கிறேன். ஸ்பின்னரின் ஆரம் 12 சென்டிமீட்டர். ஆக உண்மையான தூரம் 72. நெம்புகோல் நீளமானதால் தராசு குறைவாகக் காட்டியிருக்கிறது; நானோ 60-ஆல் பெருக்கியிருக்கிறேன்.

அதோடு விடவில்லை அவர். "தராசை எப்போது சோதித்தீர்கள்?" என்றார். சோதித்ததே இல்லை. ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் அளந்து ஊற்றித் தொங்கவிட்டோம். கேனின் எடை 200 கிராம், மொத்தம் 5.2 கிலோ இருக்க வேண்டும். தராசு 4.8 காட்டியது. ஏறக்குறைய எட்டு சதவீதம் குறைவு. இரண்டு பிழையும் ஒரே திசையில் சேர்ந்து என்னைப் பயமுறுத்தியிருக்கின்றன. ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்து, தேய்ந்த கியர்பாக்ஸை நல்லது என்று சொல்லியிருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கலக்கமாக இருக்கிறது.

சரியான மையத்திலிருந்து 60 அளந்து, சோதித்த டிஜிட்டல் தராசை மாட்டி இழுத்தோம். 5.3 கிலோ, அதாவது 31 நியூட்டன் மீட்டர். எல்லைக்குள். பழைய அளவுகள் எல்லாம் அந்தப் பழைய தராசில் எடுத்தவை என்பதால் அவையும் கொஞ்சம் குறைவாகவே இருந்திருக்கக்கூடும். அந்தத் தராசு எப்போது தளர்ந்தது என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் 31-ஐப் புதிய தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டேன். 310-லிருந்து வரைந்த கோட்டை நம்புவதை விட்டேன்.

கழற்றும் நாளுக்கான திட்டத்தை அன்றே பொறியாளரோடு உட்கார்ந்து முழுதாக எழுதினேன். எந்தக் கருவி வேண்டும், எதை இரவல் வாங்க வேண்டும், பட்டறை எத்தனை வாரம் கேட்கிறது, பெட்டி எந்த அளவு, எந்தப் பாகங்களைப் பழுது இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும், இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய படிகள் எவை. இரண்டு பக்கம் வந்தது. 1,000 மணி நேரத்துக்கு என்று தலைப்பில் எழுதினேன்.

அந்தத் தாள் 50 மணி நேரத்திலேயே தேவைப்பட்டது.

நான் பறக்கும் இடங்களில் பெரும்பாலும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான ஏவ்காஸ்தான் கிடைக்கிறது. எரிபொருளில் அது 30 சதவீதத்துக்கு மேல் போனால் ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஈயத்தின் சேறு ஆயிலில் இறங்கி கிளட்ச் தகடுகளில் போய்ப் படியும். அந்தக் கணக்கில் 852-இல் ஆயில் மாற்றினேன். காந்த பிளக் வெளியே வந்தது. சாம்பல் பசைக்கு நடுவே மூன்று எஃகு இழைகள். தலைமயிரின் தடிமன், இரண்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டர், மூன்றாவது வெர்னியரில் மூன்றரை.

மெல்லிய பசை இயல்பு. பற்கள் ஒன்றோடொன்று பழகுவதால் வருவது. சிறு துகள்கள் கொஞ்சம் இருந்து, அவற்றின் குவியல் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். என்னுடையது அந்தக் கோட்டின்மீது நின்றது. ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளைக் கத்தியால் அறுத்தெடுத்து, பிழிந்து, வெளிச்சத்தில் விரித்தேன். அதிலும் காந்தத்துக்கு இழுபடும் பொடி கொஞ்சம் மின்னியது. அலுமினியமும் இல்லை, வெண்கல நிறமும் இல்லை. வெறும் எஃகு.

சந்தேகமாக இருந்தால் செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆயில் பாதையைக் கழுவி, புது ஃபில்டர், புது ஆயில், தரையிலேயே ஒரு மணி நேர ஓட்டம். பிளக்கைத் திரும்ப எடுத்தோம். ஒரு மணி நேரத்தில் இன்னொரு இழை. சிறியதுதான். ஆனால் கழுவிய பாதையில் புதிதாக வந்தது. பொறியாளர் அதைத் துணியில் வைத்து மடித்து, "இனி இது பறக்க வேண்டாம்" என்றார். மீட்டர் 853. திட்டத் தாளின் தலைப்பில் இருந்த 1,000-ஐ அடித்துவிட்டு 853 என்று எழுதினேன். மற்ற எந்த வரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கழற்றுவதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தேன். ஆறு மணி நேரத்தில் முடிந்தது. அதில் இரண்டு மணி நேரம் எஞ்சின் மூடியான கவுலிங்கையும் ஸ்பின்னரையும் புரொப்பல்லரையும் இறக்குவதற்கே போனது. குளிரூட்டும் நீரை வடிக்க வேண்டியதில்லை, நீர் பம்ப் எஞ்சினின் மறுமுனையில் இருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸ் உறையைப் பிரித்ததும் உள்ளே தங்கியிருக்கும் ஆயில் கொட்டும். நான் வைத்திருந்த தட்டு சிறியது. அகலமான தட்டு ஒன்றும் பழைய துணியும் தேவை என்பதைத் தாளில் சேர்த்தேன்.

போல்ட்டுகளின் நீளங்கள் வேறுபடும். தடித்த அட்டை ஒன்றில் உறையின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே துளையிட்டுக் குத்தி வைத்தேன். இந்த அட்டைக்கு ஆன பத்து நிமிடம் திரும்ப மாட்டும்போது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் உறை அசையவில்லை. இடையில் கேஸ்கெட் கிடையாது. சீலன்ட் பசைதான் இரண்டு உலோகத்தையும் பிடித்திருக்கிறது. கையில் அகலமான ஸ்குரூடிரைவர் இருந்தது. இடுக்கில் நுழைத்து நெம்பிவிடலாம் என்று கை போனது. பொறியாளர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்த மட்டமான பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கீறல் கிராங்க் கேஸின் பக்கம் விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். இரவல் வாங்கிவைத்திருந்த, இழுத்துப் பிரிக்கும் கருவியான புல்லரைப் பொருத்தி, இரு பக்கமும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, நடுவில் பிளாஸ்டிக் சுத்தியால் லேசாகத் தட்டினோம். இருபது நிமிடம் கழித்து மெல்லிய சத்தத்தோடு பிரிந்து வந்தது.

கிராங்க் ஷாஃப்ட்டில் நின்றுவிட்ட சிறிய கியரை டார்ச்சும் உருப்பெருக்கியும் வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். எல்லாப் பற்களும் வழவழப்பாக, பல்லின் நடுவில் ஒரே சீரான தேய்மானப் பட்டையோடு இருந்தன. படம் எடுத்து வைத்தேன். கியர்பாக்ஸின் உள்ளே நான் கைவைக்கவில்லை. தட்டு ஸ்பிரிங்குகளை அழுத்தியிருக்கும் விசையைப் பிரஸ் வைத்துத்தான் விடுவிக்க வேண்டும். அது பயிற்சியும் கருவியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. துளைகளை அடைத்து, நெகிழிப் பையில் கட்டி, மரப்பெட்டியில் வைத்து அனுப்பினேன். கூடவே என் அளவுகளின் நகல், அந்த நான்கு இழைகள் ஒட்டிய துணி, எரிபொருள் விவரம். பட்டறைக்காரர் பிறகு சொன்னார், அந்தத் துணியைப் பார்த்த பிறகுதான் எங்கே தேடுவது என்று தெரிந்தது என்று.

ஐந்து வாரம் ஆனது. அதில் வேலை நடந்தது இரண்டு நாள். மீதி முழுக்கப் பாகங்களுக்கான காத்திருப்பு. செலவில் ஐந்தில் மூன்று பங்கு பாகங்கள், ஒரு பங்கு கூலி, மிச்சம் போக்குவரத்து. போக்குவரத்துக்கு இவ்வளவு ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அறிக்கை தெளிவாக இருந்தது. பேரிங்குகள் நல்ல நிலையில், பெரிய கியரின் பற்கள் நல்ல நிலையில். கிளட்ச் தகடுகளில் சாம்பல் நிற ஈயப் படிவு, கழுவியதில் போய்விட்டது. தட்டு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன. டாக் கியரின் மேடுகளின் ஓரங்களில் சிறு குழிகளும், ஒரு மேட்டின் விளிம்பில் உதிர்ந்த தழும்பும். என் இழைகள் அங்கிருந்து வந்தவை. டாக் கியரையும் ஸ்பிரிங்குகளையும் ஆயில் சீலையும் மாற்றி, அளந்து, 46 நியூட்டன் மீட்டர் என்று எழுதி அனுப்பினார்கள்.

அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "தாழ்ந்த ஐட்லிங்கில் நெடுநேரம் ஓடியதன் அடையாளம். கார்புரேட்டர் ஒத்திசைவைச் சரிபார்க்கவும்."

அந்த வரி எனக்கு வலித்தது, ஏனென்றால் அது உண்மை. தரையிறங்கும்போது விமானம் ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போகிறது என்பதற்காக, மீட்டர் ஏறக்குறைய 500-இல் இருந்தபோது ஐட்லிங்கை, அதாவது திராட்டிலை முழுதும் மூடியபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, நான்தான் இறக்கினேன். 1,400 என்பது இந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட மிகக் குறைந்த அளவு. எல்லைக்குள்தானே என்று அங்கே வைத்தேன். சூடான எஞ்சினில் அது 1,350 வரை இறங்கியதைப் பார்த்தும் இருக்கிறேன். அந்த வேகத்தில் ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே எஞ்சின் தயங்கும், கனமான புரொப்பல்லரோ தயங்காமல் முன்னே போகும். டாக் மேடுகள் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று மோதும். வெளியே நின்றால் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோன்ற சத்தம். டாக்ஸி ஓட்டும்போது தினமும் கேட்ட சத்தம்தான் அது. கியர்பாக்ஸ் உள்ள எஞ்சினுக்கு இது இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு பக்கத் திட்டத்தில் கார்புரேட்டர் என்ற சொல்லே இல்லை.

ஆகையால் கியர்பாக்ஸை மாட்டும் முன் கார்புரேட்டர்களைத் திறந்து பார்த்தேன். இந்த எஞ்சினில் இரண்டு உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு. இரண்டும் சமமாக வேலை செய்வதுதான் ஒத்திசைவு. ஒரு பக்கத்துத் திராட்டில் கேபிள் இன்னொன்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் தளர்ந்திருந்தது. ஒரு கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் இணைப்பின் அடியில், விரலால் வளைத்தால் மட்டும் தெரியும் விரிசல்கள். இரண்டு ரப்பர்களையும் மாற்றினேன். இந்தப் பாகங்களின் விலை கியர்பாக்ஸ் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

திரும்ப மாட்டும் வேலை அமைதியாகப் போனது. பழைய சீலன்ட்டை நெகிழித் தகடால் சுரண்டி, கரைப்பானால் துடைத்து, பரப்பைக் கண்ணாடிபோலச் சுத்தமாக்கவே ஒன்றரை மணி நேரம். புதிய சீலன்ட்டை ஒரே சீரான மெல்லிய கோடாக இட்டு, அட்டையிலிருந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றில் இறுக்கினேன். எண்களைக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பொறியாளர் படித்தார், நான் டார்க் ரெஞ்சில் வைத்தேன், இறுக்கியதை அவர் மஞ்சள் கோட்டால் குறித்தார். காந்த பிளக் 25 நியூட்டன் மீட்டர், அதன்மேல் தளராமல் கட்டும் லாக் வயர்.

ஆயில் பாதை திறந்து கிடந்ததால் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியே வைத்து, புரொப்பல்லரை ஓடும் திசையிலேயே கையால் சுற்றினோம். பின்பக்கம் சுற்றினால், வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டுகளுக்குள் காற்று புகும். இருபத்தெட்டாவது சுற்றில் ஆயில் அழுத்த முள் அசைந்தது. அதன் பிறகுதான் எஞ்சினை உயிர்ப்பித்தோம். 2,000-இல் இரண்டு நிமிடம், பிறகு 2,500-இல் ஆயில் 50 டிகிரி ஆகும் வரை. அடியில் வெள்ளை அட்டை விரித்திருந்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை.

எஞ்சின் சூடானதும் இரு கார்புரேட்டர்களையும் இணைக்கும் குழாயைக் கழற்றி, ஒவ்வொரு பக்கமும் ஒரு வெற்றிட கேஜ் மாட்டினோம். ஐட்லிங்கில் முள்கள் இரண்டும் வெவ்வேறு இடத்தில் நின்றன. ஒரு பக்கம் எஞ்சினை இழுத்துக்கொண்டும் மறுபக்கம் தொங்கிக்கொண்டும் இருந்தது. முதலில் கேபிள்கள், பிறகு ஐட்லிங் திருகுகள். இங்கேயும் ஒரு தப்பு செய்தேன்: ஐட்லிங்கில் மட்டும் பொருத்திவிட்டு முடிந்தது என்று நினைத்தேன். 2,500-க்கு ஏற்றியதும் முள்கள் மறுபடி பிரிந்தன. மீண்டும் கேபிளுக்குப் போய், இரண்டு வேகத்திலும் முள்கள் ஒன்றாக நகரும் வரை செய்ய ஒரு பிற்பகல் ஆனது. கடைசியில் ஐட்லிங்கை 1,750-இல் நிறுத்தினேன். பொறியாளர் விமானத்தின் பக்கவாட்டில், புரொப்பல்லருக்கு எட்டாத தூரத்தில் நின்று கேட்டார். நானும் இறங்கிப்போய்க் கேட்க வேண்டும் என்று அவரை உள்ளே உட்காரவைத்தேன். கூழாங்கல் சத்தம் இல்லை. எட்டு ஆண்டாக இந்த எஞ்சினோடு இருக்கிறேன், அதன் அமைதியான ஐட்லிங்கை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

4,000-இல் இக்னிஷன் சோதனை: இரண்டு இக்னிஷன்களையும் மாறி மாறி அணைத்தபோது ஒரு பக்கம் 140 சுற்று இறங்கியது, மறுபக்கம் 170. 300-க்குள் இருக்க வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 115-க்குள் இருக்க வேண்டும். பறந்தோம். பத்து மணி நேரம் கழித்து 863-இல் பிளக்கை எடுத்தபோது பசை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, புதுப் பாகங்கள் பழகும்போது வருவது. இழை இல்லை. அதன் பிறகு நேற்றைய 903.

ஐட்லிங் ஏறியதால் தரையிறங்கும்போது மிதப்பது உண்மையிலேயே கூடியிருக்கிறது. அதற்கு இறங்கும் வேகத்தைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முன்பே செய்திருக்க வேண்டியது அது.

அடுத்த முறைக்கு நான் மாற்றிக்கொண்டவை சில. புரொப்பல்லர் இறக்கையில் மையத்திலிருந்து சரியாக 60 சென்டிமீட்டரில் புதிய சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன், நோட்டின் முதல் பக்கத்தில் "மையம் என்றால் போல்ட் வட்டத்தின் மையம்" என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அளவுக்கும் முன் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டுத் தராசைச் சோதித்து, அந்த எண்ணையும் அதே வரியில் எழுதுகிறேன். காந்த பிளக்கை ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு படம் எடுக்கிறேன். "கொஞ்சம் பசை" என்று எழுதிவைத்த பழைய குறிப்புகள் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. கார்புரேட்டர் ஒத்திசைவு 100 மணி நேரப் பட்டியலில் கியர்பாக்ஸ் பகுதிக்கு உள்ளேயே வந்துவிட்டது. ஈயமில்லாத பெட்ரோல் கிடைக்கும் இடங்களில் அதையே நிரப்புகிறேன், இருந்தாலும் 50 மணி நேர ஆயில் மாற்றத்தைக் கைவிடவில்லை. ஆயில் சீல் ஒன்றும் சீலன்ட் குழாய் ஒன்றும் கையிருப்பில் வைத்திருக்கிறேன். சீலன்ட்டின் காலாவதி நாளைக் குழாயின்மேலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேற்று பிளக்கைத் திரும்ப மாட்டிய பிறகு கிராங்க் ஷாஃப்ட்டைப் பூட்டி உராய்வையும் அளந்தேன். கேன் 5.2 காட்ட வேண்டிய இடத்தில் தராசு 5.2 காட்டியது. நாடாவில் மாட்டி மூன்று முறை இழுத்தேன்: 7.7, 7.6, 7.7. ஏறக்குறைய 45 நியூட்டன் மீட்டர். அடுத்த அளவு 953-இல்.